வாங்கி வந்த குச்சியும் போத்தும் பிழைக்க: மதுரை வட்டாரத்துக்கான வழிகாட்டி

செம்பருத்தி, டெகோமா, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா, பாய்ன்செட்டியா போன்ற சின்னப் பூமரங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை மதுரைப் பக்கம் அதிகம் வராது. வேலியோரம் நிற்கும் மரத்தில் ஒரு கிளை கேட்டால் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதைப் பிழைக்க வைப்பதுதான் பெரும்பாடு. பத்துக் குச்சி நட்டு ஒன்பது காய்ந்துபோனால் ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, குச்சி கிடைத்த நாளிலேயே நடுவது. அது போய்ச் சேரும் ஊரில் அப்போது என்ன வெயில், என்ன காற்று என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, வேரே இல்லாத குச்சிக்கு வேருள்ள செடிபோல் தண்ணீர் ஊற்றுவது.

இந்த வகை மரங்கள் வேம்பு, புளி மாதிரி தலைமுறை தாண்டி நிற்பவை அல்ல. இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே பூத்துக் குலுங்கும்; பத்துப் பதினைந்து ஆண்டில் பலவும் தளர்ந்துவிடும். கல்யாண முருங்கை அதற்கு மேலும் இருக்கக்கூடியதுதான். ஆனால் மரம் மெத்தென்று இருப்பதால் துளைப்பானுக்கும் காற்றுக்கும் சீக்கிரம் பலியாகும். ஆகவே, நன்றாக இருக்கும்போதே அடுத்த மரத்துக்குக் குச்சி எடுக்கத் தெரிந்திருப்பது இந்த மரங்களை வளர்ப்பவர்களுக்குக் கட்டாயம்.

1. எதற்குப் போத்து, எதற்குக் குச்சி, எதற்குப் பதியன்

கல்யாண முருங்கை, கிளைரிசிடியா இரண்டையும் போத்தாக நட வேண்டும். நான்கைந்து அடி நீளம், மணிக்கட்டுக் கனம், பச்சை மாறிச் சாம்பல் நிறப் பட்டை வந்த கிளை. இவற்றுக்குப் பென்சில் கனக் குச்சி எடுத்தால் உள்ளே இருக்கும் சேமிப்பு போதாமல் அழுகிவிடும்.

செம்பருத்தி, டெகோமா, பாய்ன்செட்டியா, முசாண்டா, கொடைக்கானல் வேலிகளில் நீண்ட மணிபோல் பூ தொங்கும் புரூக்மான்சியா ஆகிய ஐந்தும் குச்சி வகை. ஆறு முதல் எட்டு அங்குல நீளம், பென்சில் கனம் போதும். புரூக்மான்சியாவுக்கும் பாய்ன்செட்டியாவுக்கும் இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும்; விரல் கனம் சரியாக இருக்கும்.

பவளமல்லியைக் குச்சியில் முயன்று நாளை வீணாக்க வேண்டாம். வேர்விடுவது மிகக் குறைவு. காற்றுப் பதியன் போடுங்கள். ஆடி கடைசியில், பென்சிலைவிடச் சற்றுக் கனமான கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழப்பாக இருக்கும் படலத்தைக் கத்தி முதுகால் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தப் படலம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. நனைத்துப் பிழிந்த தென்னை நார்க் கழிவையோ நர்சரியில் ‘மாஸ்’ என்று கிடைக்கும் பாசியையோ ஒரு கைப்பிடி வைத்துப் பாலித்தீன் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டுங்கள். அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றாவிட்டால் மதுரை வெயிலில் உள்ளிருப்பது வெந்துவிடும். இரண்டு மாதத்தில் பாலித்தீன் வழியே வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டி எடுத்துத் தொட்டியில் வைக்கலாம்.

இளஞ்சிவப்பு முசாண்டாவில் விதை பிடிப்பதில்லை. குச்சியோ பதியனோதான் வழி. அதுவும் இந்தப் பட்டியலிலேயே அடம்பிடிக்கும் மரம். புதிதாகத் தொடங்குபவர்கள் டெகோமாவையும் நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பூப் பூக்கும் கலப்பினச் செம்பருத்திகள் பலவும் வேறு வேரின்மேல் ஒட்டுக்கட்டியவை. அவற்றின் குச்சி வேர்விட்டாலும் சொந்த வேர் வலுவில்லாமல் நோஞ்சானாகவே நிற்கும்.

2. நடும் ஊரின் மாதத்தைப் பாருங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். குச்சி எந்த ஊரில் வெட்டப்பட்டது என்பதைவிட, அது வேர்விடப் போகும் ஊரில் அடுத்த மூன்று மாதம் எப்படி இருக்கும் என்பதே முக்கியம்.

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி: ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில், அதில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பரில் கொட்டுவது. வேர் பிடித்த கன்று அக்டோபர் முதல் வாரத்தில் குழிக்குப் போக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வேர்விட ஆறு வாரம், வெயிலுக்குப் பழக நான்கு வாரம், இரண்டு வாரம் உபரி. ஆக, ஜூலை நடுவில், ஆடி பிறக்கும்போது, குச்சி நர்சரி கவரில் இருக்க வேண்டும். ஆடிக் காற்று இலையை உலர்த்தும் என்பதால் காற்று மறைப்பு கட்டாயம். மாசி கடைசி முதல் ஆனி வரை குச்சி வைக்கவே வேண்டாம். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் நிழல்வலைக்குக் கீழேகூடக் கலவை சூடாகி, விடப்போகும் வேர் கருகிவிடும்.

போத்துக்குக் கணக்கு சற்று வேறு. கல்யாண முருங்கையும் கிளைரிசிடியாவும் தை, மாசியில் இலை உதிர்த்து நிற்கும். தண்டில் சேமிப்பு அதிகமாக இருப்பது அப்போதுதான். அந்தப் போத்து நன்றாகத் துளிர்க்கும். ஆனால் அடுத்து வருவது கோடை. கிணறோ போர்வெல்லோ இருந்தால் தையில் நடுங்கள். மழையை மட்டும் நம்பிய இடமென்றால் புரட்டாசி வரை பொறுத்திருப்பதே நல்லது. சேமிப்பு கொஞ்சம் குறைந்தாலும் ஈரம் அதை ஈடுகட்டிவிடும்.

தேனி, சின்னமனூர், கம்பம்: ஜூன் முதல் ஆகஸ்டு வரை கணவாய் வழியே வரும் காற்றுதான் இங்கே எதிரி. நட்ட போத்து ஆடினால் நூல் போன்ற புது வேர்கள் உள்ளேயே அறுந்துவிடும். மேலே இலை பச்சையாக இருக்க, கீழே தினமும் வேர் அறுபட்டுக்கொண்டிருக்கும். காற்று ஓய்ந்த பிறகு, புரட்டாசியில் நடுங்கள்.

பரமக்குடி, ராமநாதபுரம், தொண்டி: மழை வடகிழக்குப் பருவத்தில் மட்டும்தான் நம்பிக்கை. அக்டோபர் நடுவுக்குப் பிறகு நடலாம். உப்புக் காற்றும் உவர் தண்ணீரும் டெகோமா, அரளிக்கு அவ்வளவாகப் பிரச்சினை இல்லை. புரூக்மான்சியா, முசாண்டா இங்கே வேண்டாம்.

சிறுமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு: இருப்பதிலேயே எளிதான இடங்கள். மிதமான வெயில், ஈரக் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். காப்பி, மிளகுத் தோட்டங்களில் கல்யாண முருங்கை ஏற்கெனவே நிழலுக்கும் கொடி படரவும் நிற்கும், போத்துக்குப் பஞ்சமில்லை. பூச்சி பற்றி மட்டும் 4-ஆம் படியில் சொல்வதைக் கவனியுங்கள்.

கொடைக்கானல்: கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் அளவு உயரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளமான இடங்களில் உறைபனி விழும். மண் குளிர்ந்திருப்பதால் மதுரையில் ஐந்து வாரம் எடுக்கும் குச்சி அங்கே எட்டுப் பத்து வாரம் எடுக்கும். ஏப்ரல், மே சரியான நேரம். கல்யாண முருங்கையும் முசாண்டாவும் அந்தக் குளிரைத் தாங்காது. புரூக்மான்சியாவும் பாய்ன்செட்டியாவும் அங்கே மரமாகவே நிற்கும்.

ஊர் மாற்றும்போது மனதில் வைக்க வேண்டியது இதுதான்: மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் குச்சி போவதென்றால் ஏப்ரல், மே, அங்கே வெப்பம் அதிகமாக இருக்கும் மாதங்கள். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு வருவதென்றால் கார்த்திகை முதல் தை வரை. இங்கே வெயில் தணிந்திருக்கும் மாதங்கள். இரண்டு ஊரின் வெப்பமும் ஒன்றையொன்று நெருங்கி வரும் காலம் அதுதான். சுற்றுலா போன இடத்தில் மே மாதம் ஆசையாக வாங்கி வரும் புரூக்மான்சியாக் குச்சி மதுரை வந்து ஒரு வாரத்தில் கறுத்துப்போவது இதனால்தான். மார்கழியில் வந்த குச்சியையும் அடுத்த கோடை முழுக்கத் தொட்டியில், நிழலில் வைத்திருந்து ஐப்பசியில்தான் தரையில் இறக்க வேண்டும். அப்படி வளர்த்தாலும் சமவெளியில் அது இரவு குளிரும் மாதங்களில் மட்டுமே ஓரளவு பூக்கும். கொடைக்கானல் பூவை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

3. கேட்பதும் காகிதங்களும்

வீட்டுத் தோட்டத்திலிருந்து வீட்டுத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டுக்குள் சில குச்சிகளைக் கொண்டுபோக எந்தச் சான்றிதழும் தேவையில்லை. உரிமையாளரின் சம்மதம் போதும். சிக்கல் வரும் இடங்கள் மூன்று.

முதலாவது காடு. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் ஒரு சுள்ளியைக்கூட வெட்டக் கூடாது. அழகர்மலை, சிறுமலை, கொடைக்கானல் மலைப்பாதைகளில் சாலையோரம் பூத்து நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்திக் கத்தியை எடுத்தால் வன வழக்குத்தான். நெடுஞ்சாலையோர மரங்களும் பூங்கா மரங்களும் அரசுச் சொத்து. அங்கேயும் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, கொடைக்கானல் பயணம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் போவோருக்குத் தேவையில்லை. குச்சிக்காக மட்டும் போகிறவர்கள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிடுவது சுலபம்.

மூன்றாவது, வெளிநாடு. மதுரையிலிருந்து வெளிநாடுகளுக்கு நேரடி விமானம் இருப்பதால் உறவினர் பெட்டியில் நாலு குச்சி வைத்து அனுப்பும் ஆசை பலருக்கு வரும். செய்யாதீர்கள். எடுத்துச் செல்லச் செடி நலச் சான்றிதழ் வேண்டும். பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து இங்கே கொண்டுவருவதற்கும் 2003-ஆம் ஆண்டு செடித் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் பறிமுதல். இது வெறும் சடங்கு இல்லை. வெளியிலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்கத் தின்றுதீர்த்தது நினைவிருக்கும்.

4. தாய்மரத்தைப் பார்ப்பதும் வெட்டுவதும்

தளர்ந்துபோன, பூ குறைந்த மரத்தில் ‘சாகுமுன் ஒரு குச்சி’ என்று எடுக்காதீர்கள். மூன்று முதல் ஆறு வயது மரம் சிறந்தது. வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு மரத்துக்கு நன்றாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குள் வெட்ட வேண்டும். பூவும் மொட்டும் உள்ள கிளையைத் தவிர்த்துவிடுங்கள். வேறு கிளை இல்லையென்றால் மொட்டைக் கிள்ளிவிடுங்கள்.

கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல் இருந்தால் மாவுப்பூச்சி. செம்பருத்தியில் இது இல்லாத தெருவே மதுரையில் இல்லை. அப்படிப்பட்ட கிளையைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், வேறு மரம் தேடுங்கள். கல்யாண முருங்கையில் இலைக்காம்பும் தளிரும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது ஒரு சிறு குளவியின் வேலை. புழு திசுவுக்குள்ளேயே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. போத்தில் பச்சைத் தளிர், காம்பு எதுவும் ஒட்டியிருக்காமல் முழுக்கச் சீவிவிட்டு, முற்றிய தண்டை மட்டும் எடுத்து வாருங்கள்.

கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக. மேல்வெட்டு கணுவுக்கு அரை அங்குலம் மேலே நேராக. சாய்வு கீழே, நேர் மேலே என்று எப்போதும் ஒரே மாதிரி வெட்டினால் இலையில்லாத குச்சியிலும் தலைகீழ்க் குழப்பம் வராது. தலைகீழாக நட்ட குச்சி வேர்விடாது. குச்சி வகைகளில் உச்சியில் இரண்டு இலை விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரியுங்கள். போத்துக்கு இலையே வேண்டாம்.

புரூக்மான்சியாவில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நேராக வளரும் தண்டு ஓர் இடத்தில் கவையாகப் பிரியும். பூ வருவது அந்தக் கவைக்கு மேலேதான். கவைக்கு மேலிருந்து எடுத்த குச்சி சின்னதாக இருக்கும்போதே பூக்கும், புதர்போல் நிற்கும். கவைக்குக் கீழிருந்து எடுத்தது நேராக ஆளுயரம் வளர்ந்து, தானும் ஒரு கவை போட்ட பிறகே பூக்கும். தொட்டிக்கு மேல்குச்சி, மரமாக்க வேண்டுமானால் கீழ்க்குச்சி என்று கேட்டு வாங்குங்கள். கிளையைப் பார்த்தே அடையாளம் காணலாம்: மேல்கிளை இலையின் அடிப்பகுதி காம்பின் இருபுறமும் ஒன்றுபோல் இல்லாமல் ஒருபக்கம் இறங்கியிருக்கும். இந்தச் செடியின் இலை, பூ, விதை எல்லாமே கடும் விஷம். சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். வெட்டிய கையால் கண்ணைத் தேய்க்கவும் கூடாது.

பாய்ன்செட்டியாவில் பால் வடியும். வெட்டியதும் வெதுவெதுப்பான நீரில் அடிமுனையைக் கழுவி, பால் நின்ற பிறகு அரைமணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். போத்துகளை இரண்டு மூன்று நாள் நிழலில் நிறுத்தி வெட்டுவாய் காய்ந்த பின் நட வேண்டும். பச்சை வாயோடு ஈர மண்ணில் இறக்கினால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

5. கட்டி எடுத்து வருவது

நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் அடிமுனையை மட்டும் சுற்றி, மொத்தக் கட்டையும் வாழைமட்டையில் வைத்துக் கட்டுங்கள். முழுக்க நனைத்து மூடிய பாலித்தீனில் போட்டால் ஒரு பகல் பயணத்திலேயே இலை வெந்து கொழகொழத்துவிடும். பஸ்ஸில் எஞ்சின் பக்கமோ, காரில் பின் கண்ணாடிக்குக் கீழேயோ வைக்கக் கூடாது. இந்த மாதிரி கட்டினால் இரண்டு நாள் தாங்கும். கூரியரில் அனுப்பச் சொன்னால் திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை போட்டது ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும்.

ஒவ்வொரு கட்டிலும் சீட்டு ஒன்று: மரத்தின் பெயர், பூ நிறம், எடுத்த ஊர், தேதி. பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனா மை மதுரை வெயிலில் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து அழியாது.

6. கலவையும் செலவும்

ஐம்பது குச்சிக்கு வேண்டியவை, உத்தேச விலையோடு (கடைக்குக் கடை மாறும்):

ஐந்து கிலோ தென்னை நார்க் கழிவுக் கட்டி ஒன்று, 150 முதல் 300 ரூபாய். ஊறினால் அறுபது லிட்டருக்கு மேல் வரும். வேர் ஊக்கி பவுடர் சிறு டப்பா, 100 முதல் 150. கார்பென்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி சிறு பாக்கெட், நூறு ரூபாய் அளவில். 5-க்கு 8 அங்குல நர்சரி கவர் நூறு, நிழல்வலை ஒரு துண்டு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். போத்து நடுபவர்களுக்கு இதில் எதுவுமே வேண்டாம்.

நார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறை ஊறவைத்து வடித்துவிட்டே பயன்படுத்துங்கள். அதில் இரண்டு பங்குக்கு, தூசு போகக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, ரைஸ் மில்லில் கிடைக்கும் கருக்கிய உமி ஒரு பங்கு. தொழு உரமும் மண்புழு உரமும் இந்தக் கட்டத்தில் கூடாது. வேர் இல்லாத குச்சிக்குச் சத்து தேவையில்லை, அழுகலுக்குத்தான் அது உணவு. வயல் கரிசலைக் கவரில் போடவே போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிவாக வரும் நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு கூடித்தான் இருக்கும், குச்சிக்கு ஆகாது. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே மேல்.

7. கவரில் நட்டதிலிருந்து வேர் வரை

லிட்டருக்கு ஒரு கிராம் கார்பென்டசிம் கரைசலில் அடிமுனையைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரம் வடியவிடுங்கள். ரசாயனம் வேண்டாம் என்றால் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர்ப் பவுடர் லிட்டருக்கு 5 கிராம். இரண்டில் ஒன்று போதும். வேர் ஊக்கியைக் கொஞ்சம் தனித்தாளில் கொட்டி, அடி ஓர் அங்குலத்தை அதில் தொட்டுத் தட்டிவிடுங்கள். டப்பாவுக்குள்ளேயே குச்சியை விட்டால் ஈரம் பட்டு மொத்தமும் கெட்டுவிடும். பவுடர் அதிகமானால் அடி கருகும். கற்றாழைச் சாறு இதற்கு ஈடாகாது. முசாண்டாவுக்கு ஊக்கி இல்லாமல் முயலவே வேண்டாம்; டெகோமாவுக்கும் நாட்டுச் செம்பருத்திக்கும் இல்லாமலும் வரும்.

ஒரு சுள்ளியால் முதலில் துளை போட்டு, அதில் இரண்டு கணு உள்ளே போகுமாறு குச்சியை இறக்கிச் சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். நேராகக் குத்தினால் தடவிய பவுடர் மேலேயே வழிந்துவிடும்.

பிறகு ஈரம். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். தாரையாக வழிந்தால் அதிகம். குச்சி தண்ணீர் குடிக்க வேர் கிடையாது. அதற்குத் தேவை இலையைச் சுற்றி ஈரக் காற்று. அடிப்பகுதி அறுத்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை நாலைந்து கவர்கள் மேல் கவிழ்த்துவிடுவது எளிய வழி. மர நிழலில் மட்டும் செய்யுங்கள். நேர் வெயிலில் கேன் ஒரு மணி நேரத்தில் இட்லிச் சட்டியாகிவிடும். மாலையில் பத்து நிமிடம் திறந்து காற்று விடுங்கள். பூவாளியால் மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் மேற்பரப்பு காய்ந்திருந்தால் மட்டும்.

இனி, பலரும் ஏமாறும் இடம். பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவில் பச்சையாகத் தளிர் எட்டிப் பார்க்கும். ‘பிடித்துவிட்டது’ என்று கேனை எடுத்து வெயிலில் வைத்து உரமும் போடுவார்கள். அடுத்த வாரமே தளிர் தலைசாய்ந்து குச்சி செத்திருக்கும். அந்தத் தளிர் தண்டில் ஏற்கெனவே இருந்த சேமிப்பில் வந்தது. வேரிலிருந்து வந்ததல்ல. அந்தச் சமயத்தில் ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தால் அடிவெட்டில் வெளிர் நிறத்தில் பொருபொருவென்று தடித்த வளையம் மட்டும் இருக்கும். அது வேர்விடுவதற்கான தயாரிப்பு, வேர் அல்ல. வேர் வந்ததற்கு அடையாளம் இரண்டு: கவரின் அடித்துளையில் வெள்ளை நூல் தெரிவது, முதல் தளிர் இலை முழு அளவு விரிந்த பின் இரண்டாவது சுற்றுத் தளிர் வருவது. இவை தெரியும் வரை குச்சியை ஆட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

புரூக்மான்சியா, பாய்ன்செட்டியா நான்கு வாரம். செம்பருத்தி, டெகோமா நான்கு முதல் ஆறு. முசாண்டா எட்டு வாரம்கூட ஆகும். அடிமுனை கறுத்து மெத்தென்று ஆனால் அழுகல். அந்தக் கவரை உடனே வெளியே எடுத்துவிடுங்கள், பக்கத்துக் கவருக்குப் பரவும். அடி உறுதியாக இருந்து நுனி மட்டும் காய்ந்தால் காற்றில் ஈரம் போதவில்லை. இந்த இரண்டையும் குழப்பி, காய்கிறது என்று இன்னும் தண்ணீர் ஊற்றித்தான் பாதிக் குச்சிகள் போகின்றன.

8. வெயிலுக்குப் பழக்குவது

வேர் தெரிந்ததும் கேனை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். முதல் வாரம் மாலை முதல் காலை வரை மட்டும் திறப்பு. இரண்டாம் வாரம் முழுத் திறப்பு, நிழலிலேயே. மூன்றாம் வாரம் காலை வெயில் ஒன்பது மணி வரை. நான்காம் வாரம் பதினொரு மணி வரை. உரம் இந்தக் கட்டத்தில்தான், ஒவ்வொரு கவருக்கும் ஒரு கைப்பிடி மண்புழு உரம். தாண்டிக்குடியில் வேர்விட்டு மேலூர் வரும் கன்றுக்கு இந்தக் காலத்தை இரட்டிப்பாக்குங்கள். மலையில் பழகிய இலை மெல்லியது; அது உதிர்ந்து புது இலை வரும்வரை வெயில் காட்டக் கூடாது.

9. குழியும் நடவும்

இரண்டு அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து ஒரு வாரம் ஆறப்போடுங்கள். மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழு உரமும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும். செம்மண்ணில் கரையான் போத்தின் பட்டையைத் தின்றுவிடும் என்பதால் புண்ணாக்கை விட்டுவிடாதீர்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் குழி எடுத்தால் ஐப்பசி மழையில் அது தொட்டியாகத் தண்ணீர் பிடிக்கும். அங்கே தரைக்கு ஒரு அடி மேலே மண்மேடு போட்டு நடுவதே சரி.

போத்தை ஒன்றரை அடி ஆழத்தில் நட்டுச் சுற்றிலும் மிதித்து இறுக்குங்கள். கடப்பாரையால் அறைந்து இறக்கினால் அடிப்பட்டை உரிந்துவிடும். மேல்வெட்டில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசினால் மழைநீர் உள்ளிறங்காது. குச்சியிலிருந்து வந்த மரத்துக்கும் போத்திலிருந்து வந்ததற்கும் ஆணிவேர் கிடையாது. முதல் இரண்டு ஆண்டு மூங்கில் ஊன்றி, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நட வேண்டும். மின்கம்பிக்கு அடியில் வேண்டாம்.

பாய்ன்செட்டியாவைத் தெருவிளக்கு வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள். நீண்ட, இடைவிடாத இருட்டு இரவுகள் இருந்தால்தான் மேலிலைகள் சிவக்கும். விளக்குக்குக் கீழே நின்றால் பச்சையாகவே இருக்கும். உரம் போட்டுப் பயனில்லை. டெகோமா விதை காற்றில் பறந்து பரவும். காட்டோரத் தோட்டங்களில் அதை நடாமல் இருப்பது நல்லது. நட்டுவிட்டால் காய்கள் முற்றுமுன் வெட்டிவிடுங்கள்.

10. முதல் கோடை, பிறகு அடுத்த மரம்

நட்ட ஆண்டின் பங்குனி முதல் ஆனி வரை வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு குடம். தினமும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு, காய்ந்த இலை, தென்னை மட்டை பரப்பி மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மூடாக்கு இருந்தால் அங்கே கரையான் ஏறும்.

மூன்றாம் ஆண்டு பூ முடிந்ததும் கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யுங்கள். வெட்டியதில் நல்லதாகப் பத்துக் குச்சி எடுத்து, ஐந்தை நீங்கள் வைத்துக்கொண்டு ஐந்தை வேறு ஊரில் இருப்பவருக்குக் கொடுத்து வையுங்கள். உங்கள் மரம் காற்றில் சாய்ந்தாலோ உறைபனியில் கருகினாலோ அதே நிறம் அவர் வீட்டிலிருந்து திரும்பக் கிடைக்கும். இதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யுங்கள். தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்துவிட்டால் அந்த மரத்திலிருந்து குச்சி எடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

கவாத்துக் கழிவில் புரூக்மான்சியா, அரளி இரண்டையும் தனியே பிரித்து, ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதையுங்கள். அரளிச் சுள்ளியை எரிக்கக் கூடாது, புகையும் விஷம். மற்ற கழிவைத் துண்டாக்கி மூடாக்காகப் போடலாம். கல்யாண முருங்கை, கிளைரிசிடியாத் துண்டுகளை மட்டும் நன்றாகக் காயவிட்ட பிறகு போடுங்கள். பச்சையாகப் போட்டால் கிடந்த இடத்திலேயே துளிர்த்து வரும்.